கணினி வந்தால் வரிசை போகுமா? வன்னியின் வைத்தியசாலைகளை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

வைத்தியசாலைக்குக் கணினி வரப்போகிறது என்றதும் இரண்டு பேச்சு எழும். மருந்துக்கு நிற்கிற சனம் "இனிக் கியூவில நிக்கத் தேவையில்லை" என்று சொல்லும். உள்ளே பதிவேடு எழுதுகிறவர்கள் "இனி எங்களுக்கு என்ன வேலை" என்று முணுமுணுப்பார்கள். இரண்டு கணிப்பும் பெரும்பாலும் பிழையாகிப்போகும். வரிசை ஒரு யன்னலை விட்டு இன்னொரு யன்னலுக்கு நகரும். வேலை ஒருவர் மேசையிலிருந்து இன்னொருவர் மேசைக்குப் போகும். எது எங்கே நகரும் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்க்க முடியும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை.

வெட்டு மெசின் வந்தபோது

வயல் வைத்திருப்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேறு உதாரணம் தேட வேண்டாம். கையால் வெட்டிய காலத்தில் நெல் ஆறுதலாகத்தான் வீடு வந்தது. வெட்டி, உப்பட்டியை (வெட்டிப் போட்ட கதிர்க் கைப்பிடிகளை) காயவிட்டு, கட்டி, சூடு வைத்து (போராகக் குவித்து), பிறகு ஒருநாள் சூடடித்துத் தூற்றி மூட்டை கட்டினார்கள். வெட்டுக்கும் மூட்டைக்கும் நடுவே நாட்கள் கிடந்தன. அந்த நாட்களில் வெயில் தன் வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

வெட்டு மெசின் வந்ததும் அத்தனை வேலையும் ஒரே ஓட்டத்தில் முடிந்தது. காலையில் வயலில் நின்ற நெல் மதியம் சாக்கில் இருந்தது. ஆனால் ஈரத்தோடு இருந்தது. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது 14 சதவீத ஈரப்பதன். மெசினிலிருந்து கொட்டுகிற நெல்லில் அது 20 சதவீதத்தையும் தாண்டி நிற்கும். முன்பு உப்பட்டியிலும் சூட்டிலும் இருந்தபடி காய்ந்த நெல்லை இப்போது தனியாகக் காயவைக்க வேண்டியதாயிற்று. தளம் இல்லாதவர்கள் தார் வீதியோரத்தில் பரவினார்கள். பரவ இடமும் இல்லாதவர்கள் வயல் வரம்பிலேயே பச்சை நெல்லாக வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தார்கள். வெட்டுக்குப் போய்க் கூலி எடுத்த பெண்களின் வருமானம் நின்றது. மெசினுக்கும் லோட்டுக்கும் ஆள் பிடித்துக் கொடுக்கிற தரகர் புதிதாக முளைத்தார்.

மெசினில் பிழை எதுவும் இல்லை. அது வெட்டுகிற நேரத்தைக் குறைத்தது. நேரம் குறைந்த இடத்துக்கு அடுத்த இடம் அதற்குத் தயாராக இருக்கவில்லை. வைத்தியசாலையில் நடப்பதும் இதுதான், நெல்லுக்குப் பதிலாக மனிதர் என்பதால் வலி கூட.

துருசும் மதகும்

இரணைமடுக் குளத்தின் துருசை (தண்ணீர் திறந்துவிடும் கதவை) எவ்வளவு திறந்தாலும், வாய்க்காலில் உள்ள ஆக ஒடுங்கிய மதகு விடுகிற தண்ணீர்தான் கடைசி வயலுக்குப் போகும். மிச்சம் மதகுக்கு முன்னால் தேங்கிக் கரையை உடைக்கும். எந்தச் சேவையிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். ஆக மெதுவாக நகருகிற அந்த ஒரு படியை இந்தக் கட்டுரையில் 'ஒடுக்கம்' என்போம். முழு வைத்தியசாலையின் வேகமும் ஒடுக்கத்தின் வேகமே.

ஒரு நீரிழிவு, பிரஷர் கிளினிக் நாளை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை, ஆனால் நடக்கக்கூடியவை. 120 பேர் வருகிறார்கள். நான்கு படிகள்.

பதிவு மேசை ஒன்று, ஆளுக்கு 1 நிமிடம். பிரஷரும் நிறையும் பார்க்கிற தாதியர் இருவர், ஆளுக்கு 3 நிமிடம், ஆகவே ஒன்றரை நிமிடத்துக்கு ஒருவர் வெளியே வருவார். வைத்தியர் இருவர், ஆளுக்கு 5 நிமிடம், ஆகவே இரண்டரை நிமிடத்துக்கு ஒருவர். மருந்து கொடுக்கிற யன்னல் ஒன்று, ஆளுக்கு 3 நிமிடம்.

ஒடுக்கம் மருந்து யன்னல். 120 பேரை 3ஆல் பெருக்கினால் 360 நிமிடம். காலை 8 மணிக்குத் தொடங்கினால் கடைசி ஆள் மருந்தோடு வெளியேற 2 மணி ஆகும்.

இப்போது பதிவு மேசைக்குக் கணினி வருகிறது. ஒரு நிமிட வேலை அரை நிமிடமாகிறது. வாசலில் நின்ற வரிசை காணாமல்போகிறது, படம் எடுத்து முகநூலில் போடுகிறார்கள். கடைசி ஆள் வெளியேறும் நேரம்? அதே 2 மணி. வாசலில் நின்ற சனம் மருந்து யன்னலடியில் நிற்கிறது, அவ்வளவுதான்.

மருந்துச் சீட்டைக் கணினியில் எழுதத் தொடங்கினால் கதை மாறும். நோயாளி நடந்து வருவதற்கு முன்பே சீட்டு மருந்தகத்தின் திரையில் வந்துவிடும். பொதி முன்கூட்டியே ஆயத்தமாகும், கையெழுத்து விளங்காமல் திருப்பி அனுப்புகிற அலைச்சலும் இல்லை. மருந்து யன்னல் ஒன்றரை நிமிடத்துக்கு இறங்குகிறது என்று வைப்போம். ஒடுக்கம் வைத்தியரின் மேசைக்கு மாறுகிறது: இரண்டரை நிமிடம், 120 பேர், 300 நிமிடம். 1 மணிக்கு முடியும்.

ஆனால் அந்தச் சீட்டைத் தட்டச்சு செய்கிறவர் யார்? வைத்தியர். எழுத 5 நிமிடம் எடுத்தவருக்குத் தட்ட 6 நிமிடம் ஆனாலே ஒடுக்கம் மீண்டும் 3 நிமிடம், முடிவது 2 மணி. 7 நிமிடம் ஆனால் 3 மணி. இலட்சக்கணக்கில் செலவழித்து ஒரு மணித்தியாலம் பிந்துகிற வைத்தியசாலை இப்படித்தான் உருவாகிறது. "கணினி வந்தபிறகுதான் இவ்வளவு நேரம்" என்று சனம் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சுருக்கமாக: ஒடுக்கத்தைத் தொடாத எந்தக் கருவியும் காத்திருப்பைக் குறைக்காது. ஒடுக்கத்தைத் தளர்த்தினால் அது வேறிடத்தில் தோன்றும்.

ஒரு பொத்தானின் நன்மையும் ஆபத்தும்

நாட்பட்ட நோய்க் கிளினிக்கில் பெரும்பாலானோருக்குப் போன மாதம் எழுதிய மருந்தே இந்த மாதமும். ஆகவே 'முன்னைய மருந்தை மீள எழுது' என்று ஒரு பொத்தான் வைப்பார்கள். தட்டச்சு 6 நிமிடத்திலிருந்து 4 ஆனால், இரு வைத்தியருக்கும் சேர்த்து 2 நிமிடத்துக்கு ஒருவர். 240 நிமிடம், நண்பகலோடு முடியும். வேகம் உண்மையில் கூடுகிற இடம் இதுவே.

ஆபத்தும் அதே பொத்தானில்தான். கையால் எழுதும்போது ஒவ்வொரு மருந்தின் பெயரும் வைத்தியரின் மனதைத் தொட்டுப் போகும். பொத்தான் அந்தத் தொடுகையை நீக்கிவிடும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் விவசாயக் குடும்பங்களில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள பிரதேசங்கள் இருக்கின்றன. நீரிழிவுக்குப் பரவலாகக் கொடுக்கப்படுகிற மெற்போர்மின் என்ற மருந்தைச் சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். மாதாமாதம் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால், மெல்ல மெல்ல இறங்குகிற சிறுநீரகத்துக்கு அதே மருந்து போய்க்கொண்டே இருக்கும். இந்த மருந்து பட்டியலில் இருப்பவருக்குக் கடைசிக் கிரியேற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப்) பரிசோதனை எப்போது செய்யப்பட்டது என்பதைத் திரையில் காட்டி, ஆறு மாதத்துக்கு மேற்பட்டிருந்தால் மீள எழுத விடாமல் கேள்வி கேட்கும்படி அமைப்பது நல்ல வடிவமைப்பு. அளவு மீறி எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை வைத்தால் எல்லாரும் படிக்காமலே 'சரி' அழுத்தப் பழகிவிடுவார்கள். மூன்று நான்கு எச்சரிக்கை போதும், உயிரோடு விளையாடுகிற மூன்று நான்கு.

இங்கே ஒரு பக்கக் குறிப்பு. நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு ஒரு மாத மருந்துக்குப் பதில் இரண்டு மாத மருந்து கொடுத்தால் அவர்களின் வரிசை பாதியாகிவிடும். அதற்குக் கணினியே வேண்டாம். ஏன் கொடுப்பதில்லை? களஞ்சியத்தில் எத்தனை மாத்திரை இருக்கிறது, அடுத்த லொறி எப்போது என்பது மருந்தாளருக்கு நிச்சயமாகத் தெரியாது. இன்று 60 கொடுத்துவிட்டு நாளை வருகிறவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வராது. ஆகவே கணினி முதலில் போக வேண்டிய இடம் பதிவு மேசையாக இல்லாமல் மருந்துக் களஞ்சியமாக இருக்கலாம். மேசை வாசலில் தெரிகிறது, களஞ்சியம் பின்னால் பூட்டிக் கிடக்கிறது. அதனால்தான் மேசைக்கு முதலில் போகிறது.

ஒரே ஆள் இருவராகும் கதை

கணினி மனிதரை முகம் பார்த்து அறியாது, இலக்கத்தால் அறியும். கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டுவரும் வரை இது ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. கொப்பியும் ஆளும் சேர்ந்தே வந்தார்கள். கொப்பி தொலைந்தால் எல்லாம் தொலைந்தது என்பதும் உண்மை. 2008, 2009 இடப்பெயர்வுகளில் பிறப்புப் பத்திரத்தோடும் காணி உறுதியோடும் சேர்ந்து மருத்துவக் கொப்பிகளும் பிள்ளைகளின் வளர்ச்சி அட்டைகளும் பதுங்குகுழிகளிலும் வீதிகளிலும் போயின.

பெயரை வைத்துத் தேடினால் என்ன? நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னால் வரும், இன்னோரிடத்தில் பின்னால் வரும், ஓரிடத்தில் முதலெழுத்தாகச் சுருங்கும். சிவகுமாரை ஆங்கிலத்தில் எழுத நான்கு வழி. ஒரே பட்டியலில் மூன்று சிவகுமார். தேசிய அடையாள அட்டை இலக்கம் உதவும், ஆனால் பிள்ளைகளுக்கு அது இல்லை. பெரியவர்களிலும் பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வந்த புதிய அட்டையில் 12 இலக்கமும் உள்ளன. ஒருதடவை பழையதும் மறுதடவை புதியதும் கொடுத்தால் கணினிக்கு அவர் இரண்டு பேர். ஒருவரின் பெயரில் ஒவ்வாமைக் குறிப்பு, மற்றவரின் பெயரில் ஊசி மருந்து.

இதற்காகவே அரச வைத்தியசாலைகளின் கணினி முறைமைகளில் 'தனிநபர் சுகாதார இலக்கம்' வழங்கப்படுகிறது. பிறந்த குழந்தைக்கும் கொடுக்கலாம், எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் மாறக்கூடாத ஓர் இலக்கம் என்பது அதன் பொருள். பட்டைக்கோட்டாக அட்டையில் அச்சிட்டால் வாசிக்கும் கருவி பிழைவிடாது. கையால் தட்டும்போதுதான் பிழைக்கும். அதைப் பிடிக்கச் 'சரிபார்ப்பு இலக்கம்' என்ற உபாயம் உண்டு. முன்னால் உள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு, கடைசியில் ஒட்டப்படும் ஓர் இலக்கம் அது.

வங்கி அட்டைகளில் உள்ள முறையைப் பாருங்கள். 4571 என்பதை எடுப்போம். வலது கோடியிலிருந்து ஒன்று விட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும்: 1 இரண்டாகும், 7 அப்படியே, 5 பத்தாகும், அதன் இரு இலக்கங்களைக் கூட்டினால் 1, 4 அப்படியே. மொத்தம் 14. அடுத்த பத்தின் மடங்கான 20க்கு 6 குறைகிறது. ஆகவே முழு இலக்கம் 45716. யாராவது அவசரத்தில் 54716 என்று தட்டினால், 5471க்கு வரவேண்டிய கடைசி இலக்கம் 8. 6 வந்ததும் கணினி "பிழை" என்று நின்றுவிடும். இன்னொருவரின் கோப்பு திறக்காது. ஓர் இலக்கம் பிழைத்தால் இந்த முறை எப்போதும் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால், 09உம் 90உம் தவிர்ந்த எல்லாவற்றையும் பிடிக்கும்.

இலக்கத்தின் எதிரி அவசரம். அட்டை கொண்டுவராதவரைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆகும், புதிய இலக்கம் கொடுக்க அரை நிமிடம். பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது மேசையில் இருப்பவர் எதைச் செய்வார்? ஆறு மாதத்தில் ஒரே அம்மாவுக்கு மூன்று இலக்கம் இருக்கும். அட்டை இல்லாதவர்களை வேறொரு மேசைக்கு அனுப்பி, அங்கே ஆறுதலாகத் தேடச் செய்வதுதான் இதற்கு வழி. ஒரு மேசையும் ஒரு கதிரையும் கூடுதலாகப் போட வேண்டும், மென்பொருள் மாற்ற வேண்டியதில்லை.

இரட்டைப் பதிவு என்ற சாபம்

புதிய முறை வந்தும் பழைய முறையை நிறுத்தாமல் இரண்டிலும் எழுதச் சொல்வது 'இரட்டைப் பதிவு'. சுகாதாரத் துறையில் கணினி முயற்சிகள் சோர்ந்துபோவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இருக்குமா என்பது சந்தேகம்.

கிராமத்துக் குடும்பநல உத்தியோகத்தரை நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணித் தாயின் எச் 512 அட்டையை எழுதுகிறார். தன் பதிவேட்டில் எழுதுகிறார். மாத முடிவில் கூட்டி அறிக்கை எழுதுகிறார். கையில் ஒரு ரப்லெற் கணினியைக் கொடுத்து "இனி எல்லாம் இதில்தான்" என்கிறார்கள். ஆனால் மேற்பார்வைக்கு வருபவர் பதிவேட்டைத்தான் கேட்கிறார். கணக்காய்வுக்கும் கையொப்பம் இட்ட தாள்தான் வேண்டும். ஆகவே பகலில் தாளில் எழுதி, இரவில் வீட்டில் விளக்கடியில் அமர்ந்து ரப்லெற்றில் ஏற்றுகிறார். களைப்பில் ஏற்றும்போது திகதி பிழைக்கும், நிறை பிழைக்கும். பிறகு "தரவு சரியில்லை, தாளை விடாதீர்கள்" என்ற முடிவு வரும். வட்டம் பூட்டிக்கொள்ளும்.

சில தாள்களை நிறுத்தவே கூடாது. தாயின் கையிலுள்ள அட்டை அவளுடையது, நடுச்சாமத்தில் வலி எடுத்தால் அதுதான் அவளோடு வண்டியில் ஏறும். நிறுத்த வேண்டியவை அலுவலகப் பதிவேடும் மாதக் கூட்டலும். கூட்டல் கணினியின் இயல்பான வேலை. எந்தத் தாள் எந்தத் திகதியோடு நிற்கும் என்று எழுத்தில் சுற்றறிக்கை வராத எந்தக் கணினி முயற்சியையும் பாதியில் நிற்கப்போவதாக எண்ணிக்கொள்ளலாம்.

சுருக்கமாக: கருவி கொடுப்பது பாதி வேலை. எதை எழுதாமல் விடலாம் என்று அனுமதி கொடுப்பது மறுபாதி.

ஆள் போகாமல் செய்தி போகும்போது

தொழில்நுட்பம் அமைப்பை அடியோடு மாற்றுகிற இடம் இது. கொப்பி, படம், கடிதம் எல்லாம் முன்பு மனிதரோடு பயணம் செய்தன. இப்போது செய்தி தனியே பயணம் செய்கிறது. வன்னி போன்ற தூரம் கூடிய பிரதேசத்தில் இதன் பயன் பெரிது, கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே அறுபது கிலோமீற்றருக்கு மேல். மூன்று உதாரணம் பார்ப்போம்.

முதலாவது அம்புலன்ஸ். 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018இல் வடக்குக்கு வந்தது. அதற்கு முன்பும் வாகனங்கள் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வைத்தியசாலைக்குச் சொந்தம். ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு நோயாளியை மாற்றத்தான் அவை ஓடின. வீட்டிலிருந்து வைத்தியசாலைக்குப் போக அயலவரின் ஓட்டோவோ உழவு மெசினோதான். 1990 சேவை கொண்டுவந்த மாற்றம், எல்லா வண்டியும் எங்கே நிற்கிறது என்று ஒரே நிலையத்தில் தெரிவதும், அழைப்புக்கு ஆகக் கிட்டியதை அனுப்புவதும். இடறுகிற இடம் முகவரி. "அம்மன் கோயிலுக்குப் பின்னால, வாய்க்கால் கரையோட வந்தா ஒரு பாலை மரம்" என்பது ஊருக்கு முழுமையான முகவரி, தூரத்தில் இருந்து கேட்பவருக்கு அது ஒன்றுமில்லை. ஸ்மார்ட் போன் உள்ளவர் இருப்பிடத்தைக் குறித்து அனுப்பலாம். அது இல்லாத வீட்டில் செய்யக்கூடியது, கிட்டிய பாடசாலை அல்லது சங்கக்கடைச் சந்தியின் பெயரைச் சொல்லி, அங்கே ஓர் ஆளை ரோர்ச்சோடு நிறுத்துவது.

இரண்டாவது எக்ஸ்றே. பிலிம் காலத்தில் இருட்டறை இருந்தது, படத்தைக் கழுவ இரண்டு இரசாயனத் தொட்டி இருந்தன, ஈரப் படம் காயும் வரை காத்திருப்பு இருந்தது. டிஜிற்றல் முறையில் படம் ஓரிரு நிமிடத்தில் திரையில். இருட்டறையில் நின்றவரின் வேலை இல்லாமல்போனது, படங்களைச் சேமிக்கும் கணினியான சேர்வரைப் பார்த்துக்கொள்கிற வேலை யாருடையது என்று எழுதப்படாமலே வந்தது. நோயாளி பக்கத்தில் இன்னொன்றும் மாறியது. முன்பு பெரிய உறையில் பிலிம் மடியில் இருக்கும், எந்த வைத்தியசாலைக்குப் போனாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இப்போது படம் முதல் வைத்தியசாலையின் சேர்வரில் கிடக்கிறது, நோயாளி மட்டும் மற்றதுக்குப் போகிறார். இரண்டு முறைமையும் ஒன்றோடொன்று பேசாவிட்டால், திரையைப் போனில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அப்படி அனுப்பும்போது மூன்று விடயம் தொலையும்: நுண்ணிய முறிவுக் கோடு, ஓரத்தில் உள்ள பெயரும் திகதியும், இடது வலது என்று காட்டும் குறி. மூன்றாவது தொலைந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மாற்றும்போது இறுவட்டிலோ அச்சிலோ கொடுத்தனுப்புவது என்ற விதி, படத்தை அனுப்பும் இணைப்பு சீராகும் வரை தேவை.

மூன்றாவது டெங்கு. வார்ட்டில் டெங்கு என்று சந்தேகித்ததும் எச் 544 படிவம் நிரப்பி, நோயாளியின் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து பொதுச் சுகாதார பரிசோதகர் வீட்டுக்குப் போய் நுளம்பு பெருகும் இடங்களைப் பார்ப்பார். தபாலில் போனால் நாட்கள் ஆகும். நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர எடுப்பது ஏறத்தாழ எட்டுப் பத்து நாட்கள், ஆகவே ஒரு வாரம் பிந்திய படிவம் ஒரு தலைமுறை நுளம்பைத் தப்பவிடுகிறது. மின்வழியில் அன்றைக்கே போய்ச் சேரும்.

சேர்ந்தபிறகு? முன்பு ஐந்து படிவம் ஒன்றாக வரும், பரிசோதகர் ஒரு வழியில் ஐந்து வீட்டையும் பார்த்துவருவார். இப்போது ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து மணியடிக்கிறது. மோட்டார் சைக்கிளும் பெற்றோலும் பழைய அளவுதான். செய்தி வேகமாகியும் கால் வேகமாகவில்லை. இதைவிட நுட்பமான பிழை ஒன்றும் உண்டு. கடி பட்ட நாளிலிருந்து காய்ச்சல் வர 4 முதல் 10 நாட்கள் ஆகும். கொழும்பில் வேலைசெய்துவிட்டுக் காய்ச்சலோடு புதுக்குடியிருப்புக்கு வந்த இளைஞன் வீட்டு முகவரியைத்தான் கொடுப்பான். பரிசோதகர் அவன் வீட்டுத் தொட்டியைக் கவிழ்ப்பார், நுளம்போ கொழும்பில். படிவத்தில் "கடந்த இரண்டு வாரம் எங்கே தங்கியிருந்தீர்கள்" என்ற ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்கினால் போதும். வேகத்தைவிட அந்தக் கட்டம் பெறுமதி.

தமிழ் எழுத்தும் எழுபது இடமும்

நம் அலுவலகங்களில் பழக்கப்பட்ட தட்டச்சு பாமினி. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிவது உள்ளே ஆங்கிலத்தின் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மீண்டும் கே, எச். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் குப்பைதான் தெரியும். 'யூனிக்கோட்' என்பது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான தனி எண் கொடுக்கும் முறை. நோயாளியின் பெயரைத் தரவுத்தளத்தில் ஏற்றும் முதல்நாளே யூனிக்கோடில் ஏற்ற வேண்டும். பாமினியில் பத்தாயிரம் பெயர் ஏறியபிறகு மாற்றுவது பெரும் வேலை.

கிளினிக் திகதியை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பும்போது இன்னொரு கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70 இடம் மட்டுமே, அதிலும் 'கி' இரண்டு இடம், 'ம்' இரண்டு இடம். உண்மையில் நாற்பது, நாற்பத்தைந்து எழுத்துதான் அடங்கும். நீண்டால் இரண்டு செய்திக் காசு. "மதிப்பிற்குரிய நோயாளி அவர்களுக்கு" என்று தொடங்கினால் அரைவாசி முடிந்துவிடும். திகதி, நேரம், கொப்பி கொண்டுவரவும். இவ்வளவும் போதும். போன் மகனிடம் இருக்கும், மகன் கட்டாரில் இருப்பான் என்பது வேறு விடயம். இலக்கம் பதியும்போது "இந்தப் போன் யாருடைய கையில் இருக்கும்" என்று கேட்பது பதிவு மேசையின் வேலை.

நேரம் குறித்துக் கொடுப்பதிலும் ஊர்ப் புத்தி வேண்டும். 8 மணிக்கு முப்பது பேர், 9 மணிக்கு முப்பது பேர் என்று பிரித்தால் தாளில் அழகாக இருக்கும். ஆனால் உள்ளூர் பஸ் காலையில் ஒன்றுதான் என்றால் 11 மணிக்காரரும் 7 மணிக்கே வந்து வாங்கில் இருப்பார். பஸ் நேரத்தைப் பார்த்து ஊர் ஊராக நேரம் பிரிப்பது கணினிக்குச் சுலபம், அப்படிக் கேட்கத்தான் ஆள் வேண்டும்.

மின் போனால்

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியொரு காலம் வராவிட்டாலும் ஐப்பசி இடிமுழக்கம் வரும், றவுட்டர் எரியும். மின் போனதும் பற்றரியில் ஓடவைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று ஒரு கணினியைப் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். ஜெனறேற்றர் எழும்பும் வரை பாலம் போடுவதுதான் அதன் வேலை, கிளினிக் நடத்துவதற்கு அது போதாது. பிறிண்டரை அதில் பொருத்தவே கூடாது.

ஆகவே இலக்கமிட்ட தாள் படிவம் ஒரு கட்டு எப்போதும் அலுமாரியில் இருக்க வேண்டும். மின் போனால் யார் "இனித் தாள்" என்று சொல்வது, திரும்பி வந்ததும் அந்தத் தாளைக் கணினியில் ஏற்றுவது யார், எத்தனை மணிக்குள் என்பது முன்பே பெயரோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயர் இல்லாவிட்டால் அந்தத் தாள்கள் இலாச்சிக்குள் போய், அன்றைய நாள் மட்டும் கோப்பில் வெறுமையாக இருக்கும். தரவின் மறுபிரதி ஒன்று வைத்தியசாலைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதை 2018 டிசம்பர் வெள்ளம் கண்ட கிளிநொச்சி, முல்லைத்தீவுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மறுபிரதி எடுப்பதோடு நிறுத்தாமல், மூன்று மாதத்துக்கு ஒருதடவை அதைத் திறந்து பார்க்கவும் வேண்டும். திறக்காத மறுபிரதிகளே அதிகம்.

யார் பார்த்தார்?

கொப்பியை வாசிக்க அதைக் கையில் எடுக்க வேண்டும். கணினிக் கோப்பை ஊரில் தெரிந்த ஒருவர் எந்த மேசையிலிருந்தும் திறக்கலாம். கருச்சிதைவு, மனநோய், காசநோய் என்று சின்ன ஊரில் வெளியே போகக்கூடாத செய்திகள் உள்ளே இருக்கின்றன. யார், எப்போது, எந்தக் கோப்பைத் திறந்தார் என்று முறைமை தானே எழுதி வைக்கும் பட்டியல் 'தடப்பதிவு'. வார்ட் முழுவதும் ஒரே கடவுச்சொல்லைப் பாவித்தால், அதைத் திரையின் ஓரத்தில் ஒட்டியும் வைத்தால், தடப்பதிவு ஒரே பெயரைத்தான் காட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒட்டியிருக்கிற துண்டைச் சட்டம் வந்து கழற்றாது. நுழையவும் வெளியேறவும் நாற்பது விநாடி எடுத்தால் யாரும் தனித்தனியே நுழைய மாட்டார்கள், விரல் வைத்தால் இரண்டு விநாடி என்றால் நுழைவார்கள்.

படம் பார்க்கும் செயற்கை நுண்ணறிவு

இதைப் பற்றித்தான் இப்போது கூடுதலாகப் பேசுகிறார்கள், ஆனால் புதிதாக விளங்கிக்கொள்ள அதிகம் இல்லை. நெஞ்சு எக்ஸ்றேயில் காசநோயைத் தேடும் மென்பொருளை 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் பரிசோதனைக்கு உலக சுகாதார அமைப்பு 2021இல் பரிந்துரைத்தது. அது "காசநோய்" என்று சொல்லாது, ஒரு மதிப்பெண் தரும். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சளிப் பரிசோதனை என்று மனிதர் தீர்மானிக்க வேண்டும். அந்த எல்லையைக் கீழே இறக்கினால் நோயுள்ளவர் கண்ணில் படாமல் போவது குறையும், ஆய்வுகூடத்தில் சளி மாதிரி குவியும். மேலே ஏற்றினால் ஆய்வுகூடம் மூச்சு விடும், நோயுள்ள சிலர் கண்ணில் படாமல் போவார்கள். மீண்டும் துருசும் மதகும்.

ஒடுக்கத்தைக் கண்டுபிடிக்கும் முறை

கருவி வாங்குவதற்கு முன் ஒரு கிளினிக் நாளை அளந்து பார்க்கலாம். முப்பது நோயாளருக்கு ஆளுக்கொரு துண்டு. வாசல், பதிவு, பிரஷர் மேசை, வைத்தியர், மருந்து என்று ஐந்து கட்டம். ஒவ்வொரு இடத்திலும் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் அங்குள்ளவர் எழுத வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே நேரம் காட்டும் மணிக்கூடு அவசியம், இல்லாவிட்டால் மருந்து எடுத்தபிறகு பதிவுக்கு வந்தவர்கள் சிலர் கிடைப்பார்கள். முதல் பத்துப் பேர், நடுவில் பத்துப் பேர், கடைசிப் பத்துப் பேர் என்று பிரித்து எடுக்க வேண்டும். காலையில் ஒடுக்கம் ஓரிடத்திலும் மதியம் இன்னோரிடத்திலும் இருப்பது சாதாரணம். எந்த இரண்டு கட்டத்துக்கு நடுவே ஆகக் கூடிய நேரம் சும்மா போனதோ, அதற்கு அடுத்த படியே ஒடுக்கம்.

இதை ஒருநாள் மட்டும் செய்யக்கூடாது. தை, மாசியில் பாதிச் சனம் வயலில் நிற்கும், கிளினிக் வெறிச்சோடும். அறுவடை முடிந்த அடுத்த திங்கட்கிழமை, தவறவிட்ட எல்லாரும் ஒன்றாக வருவார்கள். அளக்க வேண்டிய நாள் அது.